கல்லாவுக்கு இரண்டு பக்கம்

(கிழக்கேகோட்டையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

வழக்கமாக இந்த மேடையில் உபன்யாசம் செய்யும் பெரியவர்கள் பேசுவார்கள். இல்லாவிட்டால் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர்கள் பேசுவார்கள். இன்றைக்கு ஒரு காப்பிப்பொடிக் கடைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். செயலாளர் மாமா கடைக்கு வந்தபோது, "நீ தினமும் கல்லாவில் உட்கார்ந்துண்டு புலம்பறயே, அதையே அரை மணி பேசு" என்றார். ஆகவே இது பிரசங்கம் இல்லை. கொஞ்சம் பிரயோஜனத்தோடு கூடிய புலம்பல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே பத்மநாப ஸ்வாமி கோயில், நம்முடைய அக்ரஹாரத் தெருக்கள். வெளியே பழவங்காடிப் பிள்ளையார், பஸ் ஸ்டாண்ட், அப்படியே நடந்தால் சாலைக் கடைத்தெரு. சாலைக் கம்போளத்தை உண்டாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. இருநூறு வருஷத்துக்கும் மேலாக வியாபாரம் நடக்கிற இடம். இங்கே ஒரு கடை நிலைக்கிறது என்றால் அது விளம்பரத்தால் இல்லை. வாங்கினவர் மறுபடியும் வருவதால்தான்.

என் கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு வறுக்கிற டிரம், ஒரு அரைக்கிற மிஷின், ஒரு எலெக்ட்ரானிக் தராசு, நான், எனக்கு உதவியாக ஒரு பையன். அப்பா காலத்திலிருந்து இதே கடைதான். பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்று கொட்டை வரும். அவரவர் சொல்கிற கணக்கில் கலந்து, வறுத்து, சிக்கரி வேண்டுமானால் சேர்த்து, கண் முன்னால் அரைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். எந்த ஆத்துக்கு எத்தனை பங்கு சிக்கரி, எந்த மாமா டாக்டர் சொன்னதற்கு அப்புறம் காப்பியைக் குறைத்துவிட்டார், எந்த மாமி இரண்டு தினுசுப் பொடி வாங்கி ஒன்றை விருந்தாளிக்கென்று தனியாக வைக்கிறாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். இதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது.

ஆகவே என் கடையில் "கஸ்டமர் கேர்" என்பது நானேதான். ஒரு மாமி வந்து, "போன தடவை பொடி கசந்து வழிஞ்சுது" என்றால், அந்தப் புகாருக்கு நம்பர் கிடையாது, காத்திருக்கச் சொல்லிப் பாட்டு கிடையாது. நான் முதலில் கேட்பது, "பில்டர் மாத்தினேளா? தண்ணி நன்னாக் கொதிச்சப்பறம் விட்டேளா? பால் மாறித்தா?" பாதி சமயம் பதில் அதிலேயே வந்துவிடும். பில்டரின் கண்கள் அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் மணிக்கணக்கில் நின்றிருக்கும். மீதிப் பாதி சமயம் கொட்டை ஒரு சுற்று அதிகம் வறுபட்டிருக்கும். அப்போது பேசாமல் வேறு பொடி கொடுத்துவிட வேண்டியதுதான். கால் கிலோ பொடிக்கு வாக்குவாதம் செய்தால் ஒரு குடும்பத்தின் இருபது வருஷப் பொடி போய்விடும். இந்தக் கணக்கை அப்பா எனக்குச் சொல்லித் தந்தார்.

எல்லாப் புகாரும் இப்படித் தீர்ந்துவிடாது. 2024-இல் காப்பிக்கொட்டை விலை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். வியட்நாமில் வறட்சி, பிரேஸிலில் மழை இல்லை. லண்டன் சந்தையில் ரோபஸ்டா ஒரு டன் 5,000 டாலரைத் தாண்டியது. அராபிகா அந்த டிசம்பரில் 1977-க்குப் பிறகு காணாத விலையைத் தொட்டது. பிரேஸிலில் மழை பெய்யாததற்குக் கிழக்கேகோட்டையில் நான் பதில் சொன்னேன். "என்னடா, வாரா வாரம் ஏத்தறயே?" என்று கேட்டார்கள். பச்சைக் கொட்டை ஒரு கிலோ வறுத்தால் ஈரம் போய் 800, 850 கிராம்தான் தேறும். ஆகவே கொட்டைக்கு 100 ரூபாய் ஏறினால் பொடிக்கு 120 ரூபாய் ஏறியே ஆக வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கோபித்துக்கொண்டவர்களில் பல பேர் அதைப் படித்துவிட்டுச் சமாதானம் ஆனார்கள். காரணத்தைச் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால்தான் ஏமாற்றுகிறான் என்று நினைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

இது கல்லாவின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் நானே ஒரு வாடிக்கையாளன். கரண்டு, டெலிபோன், இன்டர்நெட், பாங்கு, காசு வந்தால் குரல் கொடுக்கிற அந்தச் சின்னப் பெட்டி, தராசு, அரைக்கிற மிஷின், பார்சல் சர்வீஸ். பத்தடிக் கடைக்கு எட்டுக் கஸ்டமர் கேர். ஏதாவது ஒன்றோடு போராட்டம் இல்லாத வாரம் கிடையாது.

போன் செய்தால் முதலில் பாஷை கேட்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அதிலேயே ஒரு சங்கடம். ஆத்தில் தமிழ், தெருவில் மலையாளம், படித்தது இங்கிலீஷ். தமிழுக்கு உண்டான பட்டனை அமுக்கினால், எடுக்கிற பெண் நம்முடைய திருவனந்தபுரம் தமிழைக் கேட்டுவிட்டு, "சார், நீங்க மலையாளம் ஆப்ஷன் எடுத்திருக்கலாமே" என்கிறாள். மலையாளத்துக்குப் போனால், "சாருடெ வீடு தமிழ்நாட்டிலாணோ?" என்று கேள்வி. மும்பையிலும் டில்லியிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இதே அனுபவம் வேறு பாஷைகளில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பெயர். நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஊர் ஒரு எழுத்து, அப்பா பெயர் ஒரு எழுத்து, பிறகு நம் பெயர். பான் கார்டுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். ஆதாரில் ஒரு மாதிரி வந்தது. பாங்குக் கணக்கில் அப்பா காலத்து மாதிரியே இருக்கிறது. இதற்கு மேல், மலையாள நாட்டில் "வெங்கிட" என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் "வெங்கட" என்று எழுதுகிறார்கள். இங்கிலீஷில் எழுதும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காகக் கடைக் கணக்கில் காசு எடுக்க முடியாமல் ஒன்பது நாள் நின்றது. பாங்கில் இருந்த பெண் என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவள். "மாமா, நீங்கதான்னு எனக்குத் தெரியும், ஸிஸ்டத்துக்குத் தெரியல்லை" என்றாள். அவள் சொன்னது நிஜம். கடைசியில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆசாமிதான் என்று நானே எனக்குச் சாட்சி சொன்னேன். இங்கே இருக்கிற இளையவர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தைக்குப் பர்த் சர்டிபிகேட் வாங்கும்போதே முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டையும் ஒரு தடவை தீர்மானம் பண்ணி, எல்லாக் காகிதத்திலும் அதையே போடுங்கள். பிற்காலத்தில் பல நடை மிச்சமாகும்.

இனி மிஷின் கதை. பழைய மிஷின் இருபது வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், பாங்கில் கடன் வாங்கிப் புதிதாக ஒன்று வாங்கினேன். ஒரு வருஷம் வாரண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் இன்னொரு கம்பெனி இதைவிட நல்லது என்று நினைத்துவிடுவீர்கள். ஆறாவது மாதம் பேரிங் போய் மிஷின் கத்த ஆரம்பித்தது. பொடி சூடாக வெளியே வந்தது. காப்பிப்பொடி அரைக்கும்போதே சூடானால் வாசனை அங்கேயே போய்விடும். அதை விற்க எனக்கு மனசில்லை.

அது நவராத்திரிக்கு இருபது நாள் முன்பு. நவராத்திரி என்றால் இங்கே என்னவென்று உங்களுக்குத் தெரியும். பத்மநாபபுரத்திலிருந்து ஸரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் கோட்டைக்குள் வருவார்கள். நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி. ஆத்துக்கு ஆம் கொலு. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி. எங்களுக்கு வருஷத்தின் பெரிய வியாபாரம் அந்தச் சமயத்தில்தான்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். புகார் நம்பர் கொடுத்தார்கள். 48 மணி நேரத்தில் ஆள் வருவான் என்றார்கள். ஆள் வரவில்லை; மூன்றாம் நாள் எஸ்.எம்.எஸ். வந்தது: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?" மறுபடி போன், புது நம்பர், மறுபடி அதே எஸ்.எம்.எஸ். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை பேசிய பையன் கொஞ்சம் நல்லவன். தாழ்ந்த குரலில் உள்ளதைச் சொன்னான். "சார், குறிப்பிட்ட மணி நேரத்துக்குள்ளே புகாரை மூடல்லைன்னா எங்க டீமுக்கு மார்க் குறையும். அதனால மூடிடறா. மறுபடி திறந்தா அது புதுப் புகார்." எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் கணக்கில் என் மிஷின் நாலு தடவை ரிப்பேர் ஆகிவிட்டது. கடையில் அது ஓடவில்லை.

பிறகு மெயில் எழுதினேன். அதற்கு வந்த பதில் முக்கியமானது, ஏனென்றால் இங்கே கடை, கேட்டரிங், டைப்பிங், தையல், டியூஷன் நடத்துகிறவர்கள் பல பேர் இருக்கிறீர்கள். "நீங்கள் வியாபாரத்துக்காக வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்ல. நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்று எழுதியிருந்தார்கள். வாரண்டி கார்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்தவுடன் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நம் தெருவில் இருக்கிற ரிடையர்டு வக்கீல் மாமாவிடம் காகிதத்தைக் கொண்டு போனேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. டிசம்பர் 24-ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்ததால்தான் அந்த நாளைத் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அதில் இருந்தது நிஜம். ஆனால் 1993-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். ஒருவர் தன் சொந்த உழைப்பால், சுயதொழில் செய்து, வயிற்றுப்பாட்டுக்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால், அது வியாபார நோக்கம் ஆகாது.

இதைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட் 1995-இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. லக்ஷ்மி எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் என்கிற நிறுவனம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் ஒரு பெரிய இயந்திரம் வாங்கியது. இயந்திரம் தாமதமாக வந்தது, குறைகள் இருந்தன என்று வழக்கு. வாங்கியவர் அந்த வழக்கில் ஜெயிக்கவில்லை. அவ்வளவு பெரிய இயந்திரத்தை வயிற்றுப்பாட்டுக்கான சுயதொழிலுக்கு வாங்கியதாகச் சொல்ல முடியாது, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது கோர்ட். ஆனால் அதே தீர்ப்பில் சின்ன ஆசாமிகளுக்கு வழி திறந்துவிட்டது. டைப்ரைட்டர் வாங்கிப் பிறருக்காக டைப் அடித்துக் கொடுத்துத் தானே பிழைக்கிறவன், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவன், இவர்கள் நுகர்வோர்தான். ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். அதே ஆட்டோவை வாங்கி வேறு ஆளை வைத்து ஓட்டினால் நுகர்வோர் இல்லை. பொருள் எது என்பதைவிட, எதற்காக, யார் கையால் உபயோகிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

2019-இல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20 முதல் அமலானது. அதிலும் பொருள் வாங்குகிறவர்களுக்கு இந்த விளக்கம் இருக்கிறது. நான் தினமும் நின்றுகொண்டு என் கையால் அரைக்கிறேன். உதவிக்கு ஒரே பையன். ஆகவே நான் நுகர்வோர்தான் என்று வக்கீல் மாமா சொன்னார்.

அவர் சொல்லிக் கொடுத்தபடி ஒரு கடிதம் எழுதினேன். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம் என்றார். வாங்கின தேதி, பில் நம்பர், பணம் கட்டின விவரம், ஐந்து புகார் நம்பர்களும் அவற்றின் தேதியும், ஒவ்வொரு தடவையும் வந்த எஸ்.எம்.எஸ்., எனக்கு வேண்டியது என்ன, எத்தனை நாளுக்குள் வேண்டும், இல்லாவிட்டால் எங்கே போவேன். எல்லாம் ஒன்றரைப் பக்கம். தலைமை அலுவலகத்துக்கு அத்தாட்சியோடு தபாலில் அனுப்பினேன். அதோடு 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்தேன். பதினோராம் நாள் மெக்கானிக் வந்தான். பேரிங்கும் ஷாப்டும் மாற்றிவிட்டு, ஒரு பைசா வாங்காமல் போனான். வழுதக்காட்டில் இருக்கும் மாவட்ட ஆணையம் வரைக்கும் நான் போக வேண்டி வரவில்லை.

ஆனால் அதற்குள் நவராத்திரி பாதி முடிந்துவிட்டது. அத்தனை நாளும் சாலையில் ஒரு சிநேகிதர் தன் மிஷினை ராத்திரி எட்டரை மணிக்கு மேல் எனக்கு விட்டுக்கொடுத்தார். அவரும் காப்பிப்பொடிதான் விற்கிறார், எனக்குப் போட்டிக்காரர். வறுத்த கொட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய், பதினொரு மணி வரை அரைத்துக்கொண்டு வருவோம். "எத்தனை தரணும்?" என்று கேட்டேன். "கரண்டுக்கு மட்டும் கொடு" என்றார். பெரிய கம்பெனியின் ஐந்து புகார் நம்பர் செய்யாததைப் போட்டிக்காரரின் ஒரு சாவிக்கொத்து செய்தது. நஷ்டம் முழுவதும் ஈடாகவில்லை. இருந்தாலும் வாடிக்கைக்காரர் ஒருவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பவில்லை.

அடுத்த தொல்லை காசு. இப்போது நூறு பேர் வந்தால் எழுபது, எண்பது பேர் போனைக் காட்டித்தான் பணம் கட்டுகிறார்கள். சௌகரியம்தான், சில்லறைத் தகராறு ஒழிந்தது. ஆனால் சில நாள் அவர்கள் கணக்கில் பணம் போயிருக்கும், என் பெட்டி வாய் திறக்காது. மாமி, "நான் கட்டியாச்சே, இதோ பார்" என்று போனைக் காட்டுவாள். எனக்கு வரவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பின்னால் கூட்டம். என்ன செய்வது?

இதற்கு விதி இருக்கிறது. பல பேருக்குத் தெரியாது. ரிசர்வ் பாங்க் 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி உத்தரவு போட்டிருக்கிறது. யு.பி.ஐ. மூலம் கடைக்காரருக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து போய், கடையில் உறுதி வரவில்லை என்றால், ஐந்து நாளைக்குள் அது தானாகவே திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதம் ஆனால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் பாங்க் நஷ்டஈடு தர வேண்டும். ஏ.டி.எம்.மில் காசு வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே ஐந்து நாள், இதே 100 ரூபாய். தனி நபருக்கு அனுப்பிய யு.பி.ஐ. என்றால் ஒரே நாள்தான் கெடு. நான் இதை மலையாளத்திலும் தமிழிலும் எழுதிக் கடையில் மாட்டியிருக்கிறேன். தெரிந்த முகமாக இருந்தால் பொடியைக் கொடுத்து, நோட்டில் தேதியும் தொகையும் எழுதிவிடுவேன். "பணம் திரும்பி வந்தா எனக்குத் தாங்கோ" என்பேன். இதுவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது கிழக்கேகோட்டையில் கடை வைத்தது புண்ணியம்.

இனி, எல்லோருக்கும் உபயோகமாகச் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, வாய்ப் பேச்சு காற்றோடு போகும். போன் செய்தால் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் நம்பர் நாலையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். பில்லையும் வாரண்டி கார்டையும் வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். இந்தக் காலத்து பில்லில் ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, பாங்க் விஷயமானால் முதலில் பாங்குக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் பாங்க் ஆம்புட்ஸ்மனுக்குப் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. முன்பு பாங்குக்கு ஒன்று, நிதி நிறுவனத்துக்கு ஒன்று, டிஜிட்டல் பணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. 2021 நவம்பர் 12 முதல் எல்லாம் ஒரே இடத்தில் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது.

மூன்றாவது, சாமான் விஷயமானால் 1915. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே போகலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டர் மூலமும் மனு கொடுக்கலாம். பிரச்னை உண்டான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் இருக்கிற நம் உறுப்பினர்களுக்கு ஒரு நல்ல செய்தி: புதுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளைப் பெங்களூரில் வாங்கிவிட்டுப் பாலக்காட்டில் இருந்தால், பெங்களூருக்கு நடக்க வேண்டாம்.

நாலாவது, பெரியவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டியது. கஸ்டமர் கேர் நம்பரை இன்டர்நெட்டில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரைப் பெரிய கம்பெனியின் நம்பர் மாதிரி அங்கே போட்டு வைக்கிறார்கள். பில்லில், சாமான் வந்த பெட்டியில், கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்த நம்பர்தான் நம்பர். ஓ.டி.பி. கேட்டாலோ, ஏதோ ஒரு ஆப் போட்டுக்கொள்ளச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள், பாங்குக்கும் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும்.

ஐந்தாவதாக ஒன்று. போனில் பேசுகிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுக் குழந்தைகள். இந்தச் சபையிலேயே அந்த வேலை பார்க்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா இருப்பீர்கள். ஒரு காலுக்கு இத்தனை நிமிஷம் என்று அவர்களுக்குக் கணக்கு. எதிரே திரையில் இருப்பதை வாசிக்கத்தான் அவர்களுக்கு உரிமை. பேரிங் மாற்று என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்கத் தயார், சாமி எங்கே இருக்கிறார் என்று அவனுக்கே தெரியாது. எனக்கு உள்ளதைச் சொன்னானே அந்தப் பையன், அவன் சொன்னதால்தான் நான் போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்குப் போனேன். அவனிடம் நான் கத்தியிருந்தால் சொல்லியிருப்பானா?

முன்னால் விலைக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு வருகிறேன். "இந்தப் பேரிங் ஸ்டாக்கில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், பதினைந்து நாள் ஆகும்" என்று முதல் நாளே ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன். சிநேகிதர் மிஷினுக்கு முதல் நாளே ஏற்பாடு செய்திருப்பேன். மனுஷனுக்குக் காரியம் நடக்காததைவிட, ஏன் நடக்கவில்லை என்று சொல்ல ஆள் இல்லாததுதான் பெரிய வேதனை. மிஷின் கெடும், பணம் நடுவில் நிற்கும், அது சகஜம். "நான் பொறுப்பு" என்று சொல்ல ஒரு முகம் வேண்டும். எங்களைப் போன்ற சின்னக் கடைகளிடம் மிச்சம் இருக்கிற ஒரே மூலதனம் அதுதான். விலையில் பெரிய கடையோடு எங்களால் போட்டி போட முடியாது. அவர்கள் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பொடி கசந்தால் யாரிடம் போவது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே வாடிக்கைக்காரர்களான உங்களிடம் ஒரு விண்ணப்பம். குறை இருந்தால் முதலில் கடையில் வந்து சொல்லுங்கள். கோயிலில் நாலு பேரிடமும் கல்யாணத்தில் பத்துப் பேரிடமும் சொல்லிவிட்டு, எங்களிடம் மட்டும் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டால் நாங்கள் திருந்த வழியே இல்லை. சண்டை போட வருகிற மாமி எனக்கு வேண்டப்பட்டவள். அவள் இன்னும் இந்தக் கடையை விடவில்லை என்று அர்த்தம்.

பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை வருகிறபோதெல்லாம் கேட்கிறான், "அப்பா, இத்தனை தொந்தரவோடு எதுக்கு இது? மூடிட்டு எங்களோட வந்துடுங்கோ" என்று. அவன் சொல்வது நியாயம்தான். வாடகை ஏறுகிறது, கால் வலிக்கிறது, தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்க நடக்க வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாபம் என்று எழுதுகிற வரியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தெற்குத் தெருவில் தனியாக இருக்கிற ஒரு வயசான மாமி, மாதம் கால் கிலோ வாங்க வருகிறாள். அவளுக்கு அதிகம் போனால் நூறு கிராம் செலவாகும். மீதி எதற்கென்று நான் கேட்டதில்லை. பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகிறாள். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால், பையனை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இந்த வேலையை எந்த நம்பரை அமுக்கினால் செய்வார்கள்?

கையால் அரைக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் கடை திறந்திருக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவனும் ஒத்துக்கொண்டு, கடைக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறான். புகார் நம்பர் எழுதவும் அதில் ஒரு பக்கம் வைத்திருக்கிறான்.

வெளியே காப்பி தயாராக இருக்கிறது. பொடி நம் கடையுடையதுதான். குறை இருந்தால் நேரே என்னிடம் சொல்லுங்கள்.